நாக்குக்கு எடுத்த ஸ்கேன்

வட்டகொடை ஸ்டேஷனை விட்டு மேலே ஏறும் ரயில், எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் தலைக்கு மேல் ஒரு வளைவில் முனகிக்கொண்டே திரும்பும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தகரக் கூரை, நீலச் சுவர், முன்னால் கம்பி வேலி. தண்டவாளம் அதிரத் தொடங்கினால் போதும், உள்ளே இருக்கும் பொடிசுகள் பால் கோப்பையைப் போட்டது போட்டபடி வேலிக்கு ஓடிவரும். கையை ஆட்டும். ஒரே குரலில் கத்தும்.

"யயிலு, யயிலு, யயிலு..."

ஜன்னலில் தொங்கும் வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பனி வந்து தண்டவாளத்தைத் துடைத்துவிடும். பொடிசுகள் மறுபடி பாலுக்குப் போகும்.

நான் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவன். அதற்கு முன்னால் கொழும்பில் புடவைக் கடை, பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை, பிறகு ஒரு பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை என்று கால் ஓரிடத்தில் தரிக்காமல் திரிந்து, தலை நரைத்தபின் மூன்று சக்கரத்தில் வந்து உட்கார்ந்தேன். சவாரி இல்லாத நேரம் ஏதாவது எழுதுவேன். அந்த "யயிலு" எனக்கு இனிக்கும். ஒரு குழந்தை சொன்னால் மழலை. ஒரு மடுவமே சேர்ந்து சொன்னால் அது என்ன என்று நான் யோசித்ததில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பது என் மனைவி. அவளுக்கு ர வராது. ற-வும் வராது. சின்ன வயதிலிருந்தே அந்த இடத்தில் ஒரு ய வந்து குந்திக்கொள்ளும். மரம் மயமாகும், ரொட்டி யொட்டியாகும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போன காலத்தில் அவள் போனது பெயட்டுக்குத்தான். கல்யாணமான புதிதில் கவனித்தேன். அப்புறம் கவனிக்கவில்லை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் மழைச் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். வெளி ஆட்களிடம் பேசும்போது ர இருக்கும் இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு போவாள், குளவிக்கூடு இருக்கும் தேயிலைச் செடியைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. கடைசியில்தான் எனக்கு ஒரு மர்மம் விளங்கியது. எங்கள் வீட்டில் சீனி எப்போதும் மிச்சம் கிடக்கும். ரெண்டு கிலோ வாங்கி வா என்றால் மூணு கிலோ வாங்கி வருவாள். நானும் இவளுக்குக் கை தாராளம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு என்று கடையில் சொல்ல அவளுக்குக் கூச்சம். மூணு என்றால் தொல்லையில்லை.

பிள்ளைகளிடம் மட்டும் அவள் எதையும் சுற்றிப் போனதில்லை. படப் புத்தகத்தில் ரயில் இருந்தால் யயில் என்று தைரியமாகச் சொல்வாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. திருப்பிச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது.

தோட்டத்துப் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். நுவரெலியாப் பக்கத்துக்காரர், நல்ல மாதிரி. கூடவே தோட்டத்தை நடத்தும் துரையும் வந்தார், எங்கள் வாயில் அவர் தொர. பொடிசுகள் வரிசையில் நின்று, "குட்மோனிங் தொய" என்று பாடின. சிங்களத் துரைக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவரும் சிரித்து வணக்கம் சொன்னார். அதிகாரி அம்மாவின் முகம்தான் மாறியது. ஒரு பாட்டு பாடச் சொன்னார். கதை சொல்லச் சொன்னார். கிளம்பும்போது என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பெரிய புள்ளைங்க எல்லாம் அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போகுதுங்க. இப்படியே போனா அங்க சிரிப்பாங்கம்மா. ஒங்க மேல கோவம் இல்ல. நீங்க மடுவத்துலயே இருங்க, புள்ளைங்கள பாத்துக்கங்க. பாட்டு வகுப்ப மட்டும் வேற ஆள்கிட்ட குடுத்துருவோம். வருஷக் கடைசியில வருவேன், அப்ப மாத்துவோம்."

மடுவத்தில் இருப்பது என்றால் பால் கலக்குவது, தொட்டில் ஆட்டுவது, துணி அலசுவது. அதையெல்லாம் அவள் சலிக்காமல் செய்வாள். ஆனால் அந்தக் காலை வகுப்பு வேறு. இருபது வருஷம் கூடை சுமந்த பெண் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் விடியலில் எழுந்து புடவைக்கு மடிப்பு வைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. ரொட்டி சுட்டாள், சம்பல் அரைத்தாள், எனக்கு எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நாளைக்கு ஹட்டனுக்குப் போவணும். பெயிய ஆஸ்பத்தியிக்கு. பேச்சுக்கு ஒயு மிஸ் இயுக்காங்களாம். வண்டிய எடுக்காதீங்க, கோச்சியில போவோம்."

ரயில் ஏறிப் போனோம். ஆஸ்பத்திரியில் பேச்சைச் சரிசெய்ய இருந்த மிஸ் ஒரு சிங்களப் பெண். எங்கள் மகளை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தார். அது சட்டை புதிதாகப் போட்டதுபோலக் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் அழகாக இருந்தது. காதைச் சோதித்தார், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இது உங்களுக்கு வேணுமா, வேற ஆளுக்காகவா?"

இவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "புள்ளைங்களுக்கு வேணும்" என்றாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "எனக்கும்" என்றாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ர எப்படியும் கடைசியாகத்தான் வரும், அந்த மழலை முழுக்க உங்களால் வந்ததில்லை என்று மிஸ் ஆறுதல் சொன்னார். முழுக்க இல்லை என்றால் கொஞ்சம் என்னால்தானே என்று இவள் கேட்டாள். மிஸ் சிரித்துவிட்டார். அன்றைக்கே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் பல் தெரிந்தது, உதடு தெரிந்தது. ர என்பது உள்வீட்டு வேலை, வாசலில் நின்று பார்த்தால் தெரிவதில்லை. மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அது கர்ப்பிணிகள் கிளினிக். காலையில் அங்கே கூட்டம் முடிந்ததும் ஒரு பழைய ஸ்கேன் இயந்திரம் சும்மா நிற்கும். டாக்டரிடம் கேட்டு அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயிற்றில் வைக்கும் அந்தக் கருவியில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, என் மனைவியின் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

திரையில் மூடுபனி. மூடுபனிக்குள் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து கிடந்தது, விடியற்காலையில் கிரேட் வெஸ்டர்ன் மலையின் முதுகு மட்டும் தெரியுமே, அதுபோல.

"இது என் நாக்கா?" என்றாள். சொல்லச் சொல்ல மலை அசைந்தது. திடுக்கிட்டு வாயை மூடினாள். மலை படுத்தது. ஆ என்றாள், சரிந்தது. ஈ என்றாள், முன்னால் ஏறியது. பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி ஆ, ஈ, ஊ என்று அவள் அந்த மலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக வாய்க்குள் வைத்திருந்த ஒன்றை இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள். நான் கதவோரம் நின்றேன். மகள் பிறப்பதற்கு முன்னால் இதே மாதிரி ஒரு சாம்பல் திரையைப் பார்த்த ஞாபகம் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு மிஸ் கருவியைத் தன் தாடையில் வைத்துக்கொண்டு ர என்றார். கோட்டின் ஒரு நுனி மட்டும் துள்ளி இறங்கியது, நடு தாழ்ந்தே கிடந்தது. இவள் சொன்னபோது நுனி தூங்கியது, நடு குன்றாகப் பொங்கியது. "உங்க நாக்கு சோம்பேறி இல்லம்மா. நல்லா வேலை செய்யுது. நடுவில செய்யுது, நுனியில செய்யணும்" என்றார் மிஸ். கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் தாளைத் திரையில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் ஒரு வளைவு வரைந்தார். இனிமேல் வெள்ளைக் கோடு இந்தச் சிவப்புக் கோட்டில் போய்ப் படுக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு படமும் அச்சடித்துக் கொடுத்தார்.

அந்த ஸ்கேனால் வந்தது வினை.

கிளினிக் வாசலில் இருந்த ஒரே பெஞ்சில்தான் நாங்களும் காத்திருந்தோம். அதே நாளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஸ்கேன் இயந்திரம் என் மனைவி இருந்த அறைக்குப் போனதை, அவள் கழுத்தில் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வந்ததை, நான் கண்ணைத் துடைத்ததை எல்லாம் பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கம் ஸ்கேன் எடுத்தேன் என்று ஒரு பெண் சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை மாசம் என்றுதான் கேட்பார்கள். நாங்கள் வட்டகொடையில் இறங்குவதற்கு முன்னாலேயே செய்தி மலை ஏறிவிட்டது.

மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தை இவள் தூக்கப் போனபோது யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். மடுவத்தில் தொட்டிலைத் தொடவிடவில்லை. மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் வந்தது, புளியங்காய் வந்தது, எங்கிருந்தோ சாம்பல் கூட வந்தது, மசக்கை வாய்க்கு ருசிக்குமாம். ஸ்டேஷனில் மற்ற ஆட்டோக்காரர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். ஒருவன் மட்டும், "அண்ணே, சத்தமில்லாம இருந்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் சிரித்தான். தலவாக்கலையில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவருக்கு எப்படிச் செய்தி போயிற்றோ, பேரீச்சம்பழம் ஒரு பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். "வீட்டுல குடுங்க தம்பி. ரத்தத்துக்கு நல்லது. அல்லாஹ் பாத்துக்குவான்."

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் அன்று மாலையே எனக்குப் போன் எடுத்தாள். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்பா, எனக்கு மாப்புள பாக்கச் சொன்னா நீங்க தொட்டில் பாக்குறீங்களாமே?"

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாயும் மகளும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள்.

லயத்து ஆட்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அவள் கணக்கு வேறு.

"புள்ளைன்னே நெனச்சிக்கிட்டு கெடக்கட்டும். நாக்குன்னு தெயிஞ்சா நாளையிலயிந்து எல்லாயும் என் வாயையே பாப்பாங்க. வயித்தப் பாத்தா பாத்துட்டுப் போவட்டும்."

"வயிறு பெருசாகலன்னா கேப்பாங்களே?"

"அதுக்குள்ள எனக்கு வந்துயும்" என்றாள். வருவது எது என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் ஒட்டியிருந்த படத்தைப் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கண்டுவிட்டாள். கிட்டப் போய், எட்டிப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது தல. இந்தா, இது முதுகு. நல்லா சுருண்டு படுத்திருக்கு பாரேன்" என்று விரல் வைத்துக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "மூக்கு அப்படியே அண்ணன் மூக்குதான்" என்றாள். நான் மூக்கைத் தடவிக்கொண்டேன். அன்று பொழுது சாய மிளகாயும் உப்பும் கொண்டுவந்து அந்தப் படத்துக்குத் திருஷ்டி கழித்து, அடுப்பில் போட்டாள், எல்லோரும் இருமித் தீர்த்தோம்.

இதற்கிடையில் ஹட்டன் பயணம் நடந்துகொண்டிருந்தது. கிளினிக் முடிந்த பிறகான மத்தியானங்கள். திரையில் சிவப்புக் கோடு, அதற்குக் கீழே தவிக்கும் வெள்ளைக் கோடு. நடு மலையை அமுக்க அவளால் முடிந்தது. ஆனால் நுனி எழுந்தால் மேலே போய் ஒட்டிக்கொண்டது. யொட்டி போய் லொட்டி வந்தது. இன்னும் அழுத்தினாள், டொட்டி வந்தது. தொட்டதும் விட வேண்டும், அழுத்தக் கூடாது என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். கையைத் தட்டிக் காட்டினார், மேசையைத் தட்டிக் காட்டினார். இவள் ஒரு கட்டத்தில் கருவியை இறக்கிவிட்டு ஜன்னலோரம் பார்த்தாள். அங்கே ஜாடியில் மணி பிளான்ட் படர்ந்திருந்தது.

"மிஸ், கொழுந்து எடுக்கிய மாதியியா?" என்றாள். மிஸ் முன்னால் அவள் சுற்றிப் போகாமல் பேசியது அன்றுதான் முதல் தடவை.

மிஸ் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், கொழுந்து பறிப்பதை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எப்படி என்று கேட்டார். இவள் எழுந்துபோய் அந்தக் கொடியின் நுனியை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். இப்படிக் கிள்ளினால் காம்பு நசுங்கிக் கறுத்துவிடும், கங்காணி ஏசுவார். பிறகு இன்னொரு நுனியை விரலுக்கு மேல் லேசாக மடக்கினாள். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். நுனி கையில் இருந்தது. ஒடிக்க வேண்டும், கிள்ளக் கூடாது. முதல் நாள் மலைக்குப் போகிற பெண்ணுக்குச் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

"அதேதான்" என்றார் மிஸ், கண் அகல. "அப்ப உங்க விரலுக்குத் தெரியும். நாக்குக்கு மட்டும் சொல்லணும்."

திரும்ப உட்கார்ந்து கருவியை வைத்தார்கள். ஒரு கை தாடைக்கடியில் கருவியைப் பிடித்திருக்க, மற்றக் கை காற்றில் கொழுந்து ஒடித்தது. டிக். டிக். வெள்ளைக் கோட்டின் நுனி துள்ளியது. டிக். "அர" என்று வந்தது. உடனே "அய" என்றும் வந்தது. மறுபடி அர. மிஸ் எழுந்து குதித்ததில் மேசையில் இருந்த ஜெல் போத்தல் விழுந்தது. மணி பிளான்டுக்கு அன்று ஐந்தாறு நுனி போனது.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என் நாக்கையும் கொஞ்சம் பார்க்கலாமா என்றேன். ழ என்ற எழுத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், அது திரையில் எப்படி நிமிர்ந்து நிற்கும் என்று காண ஆசை. மிஸ் கருவியை வைத்தார். முதலில் வாளை என்றேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி வாழை என்றேன். வெள்ளைக் கோடு இரண்டு தடவையும் ஒரே மாதிரி வளைந்தது. இன்னொரு தடவை என்றேன். அதே வளைவு. எங்கள் மலையில் ஒருத்தர் வாயிலும் ழ கிடையாது, அது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நான் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்ததில்லை.

"ழ பேனாவுலதான் கெடக்கு போல" என்றாள் மனைவி. "வாயில காணோம்."

அவ்வளவு சிரித்தவள், அடுத்த தடவை போனபோது சிரிக்கவில்லை. திரை இருந்தால் ர வந்தது. பார்த்துப் பார்த்துச் சொன்னால் பத்துக்கு ஏழெட்டு சரியாக வந்தது. மிஸ் திடீரென்று எழுந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். எப்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே பேச முடியாது, இனி நாக்கே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இவள் ரொட்டி சொன்னாள். யொட்டி வந்தது. மரம் சொன்னாள். மயம் வந்தது. கோடு இல்லாமல் இருட்டில் படி இறங்குகிற மாதிரி இருந்தது அவள் முகம். வருஷக் கடைசி வந்துகொண்டிருந்தது. அதிகாரி அம்மா வரப்போகும் தேதியைத் துரை ஆபீசில் சொல்லியாகிவிட்டது. மிஸ் தோளைத் தட்டி அனுப்பினார். ஸ்டேஷன்வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

ஹட்டனிலிருந்து ஏறினால் சீக்கிரமே சிங்கமலைச் சுரங்கம் வந்துவிடும். ரயில் அதற்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க ஊளையிடும், இந்தப் பாதையில் அது எழுதாத சட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பயணம் வந்த இளசுகள், மடியில் கிடக்கும் குழந்தை, எல்லாம் கத்தும். அந்தக் கூச்சலுக்குள் என் மனைவி தன் பாடத்தைக் கத்திப் பார்ப்பாள். முதல் பயணத்திலிருந்தே அது அவளுக்குப் பழக்கம். யாருக்கும் கேட்காது, யாருக்கும் தெரியாது, எவ்வளவு தப்பாகவும் சொல்லலாம்.

அன்றைக்கு அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். இருட்டு வந்தது. பெட்டி விளக்கு எரியவில்லை. ஊளை கிளம்பியது. என் முழங்கையில் ஏதோ பட்டது. அவள் விரல்கள். டிக், டிக் என்று என் சட்டைக் கையை ஒடித்துக்கொண்டிருந்தன. பிறகு காதுக்குப் பக்கத்தில், புகைவாசமும் ஈரப்பாறை வாசமும் கலந்த அந்தக் கறுப்புக்குள்,

"ரொட்டி" என்று கேட்டது.

நான் சட்டைக் கையை இன்னும் கிட்ட நீட்டிக் கொடுத்தேன். "ரொட்டி. ரொட்டி. மரம். பெரட்டு. தொர. ரொட்டி." இருட்டில் கோடு தெரிந்ததாம். பிறகு சொன்னாள். திரையில் இருந்ததைவிடத் துலக்கமாகத் தெரிந்ததாம்.

சுரங்கம் முடிந்தது. வெளிச்சம் பாய்ந்ததும் ஊளை சட்டென்று நின்றது. இவள் நிற்கவில்லை. அமைதியான பெட்டியில், கண்ணை மூடியபடி, நல்ல சத்தமாக, "ரொட்டி, ரொட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டியே திரும்பியது. எதிர் ஆசனத்தில் பை நிறைய சாமானோடு இருந்த ஒரு அம்மா இரக்கத்தோடு பையைத் திறந்து, வாழையிலைத் துண்டில் சுற்றிய ரொட்டியை எடுத்துப் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.

"பசியா தங்கச்சி? சாப்புடு."

இவள் கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். வாங்கிச் சாப்பிட்டாள். கொட்டகலை வரை இருவரும் ரொட்டிக்கு எவ்வளவு தேங்காய் போடுவது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பேச்சில் எத்தனை ர வந்தது, எத்தனை ய வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் எதையும் சுற்றிப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இனி மடுவம்தான். அங்கேதான் நாங்கள் எதிர்பாராத எதிர்ப்பு வந்தது. திங்கட்கிழமை வகுப்பில் படத்தைக் காட்டி, "இது ரொட்டி" என்றிருக்கிறாள். முன்வரிசையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னது எழுந்து நின்று, "அது இல்ல டீச்சர், யொட்டி" என்று திருத்தியது. மற்றதுகளெல்லாம் கைகொட்டிச் சிரித்தன. டீச்சருக்கே சொல்லத் தெரியவில்லையாம். ய சொன்னதற்கு யாராவது சிரிப்பார்களோ என்று ஆயுள் முழுக்கப் பயந்தவள், கடைசியில் ர சொன்னதற்குச் சிரிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்து அதைச் சொல்லிச் சொல்லித் தானும் சிரித்தாள்.

மடுவத்துக்கு ஸ்கேன் இயந்திரம் கொண்டுவர முடியாது. ஆனால் கை இருக்கிறதே. இடக்கையைக் கூரை மாதிரிக் கவிழ்த்தாள், அதுதான் வாயின் மேல்பக்கம். வலக்கையை அதற்கு அடியில் படுக்கவைத்தாள், அதுதான் நாக்கு. நடு எழும்பினால் யொட்டி. நுனி போய்த் தொட்டு டிக்கென்று ஒடித்தால் ரொட்டி. கொழுந்து ஒடிக்கத் தெரியாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் ஏது? வேலியோரத் தேயிலையை அம்மாக்கள் மாதிரி ஒடித்து விளையாடுவதுதான் அவர்கள் தொழிலே.

அதிகாரி அம்மா வந்த அன்று நான் வேலிக்கு வெளியே ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். பெரட்டு முடிந்து போகாமல் நின்ற சில பெண்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் அதில். உள்ளே ஒரு முப்பது சின்னக் கைகள் கூரையாகக் கவிழ்ந்தன. அடியில் முப்பது நாக்குகள் துள்ளின. அவள் குரல் முன்னால் போனது, "ரொட்டி, மரம், ரயிலு." பின்னால் வந்தது ஒரு கலப்புச் சாதம். யொட்டி இருந்தது, லொட்டி இருந்தது, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கல்லில் சுத்தியல் பட்டதுபோலச் சுத்தமான ரொட்டியும் இருந்தது.

அதிகாரி அம்மா கடைசிவரை கேட்டார். தானும் கையைக் கவிழ்த்து ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு, "ஒங்களுக்கு வந்துருச்சும்மா. புள்ளைங்களுக்கு இன்னும் சரியா வரலையே" என்றார்.

"வரும் மிஸ்" என்றாள் என் மனைவி. "சின்னதுங்களுக்குக் கடைசியாத்தான் வரும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எனக்கு நாப்பத்தி மூணு வயசுல வந்துருக்கு. இதுங்க அவ்வளவு நேரம் எடுக்காதுங்க."

அந்த நாலு வாக்கியத்தில் இருந்த ஒவ்வொரு ர-வும் என் நெஞ்சில் வந்து தட்டியது. அதிகாரி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பாட்டு வகுப்புக்குப் புதிதாகப் போடுவதாக இருந்த பெண்ணைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்புவதாகவும், முடிந்தால் அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கை வித்தையைச் சொல்லிக்கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வேலிக்கு வெளியே அக்காவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இவள் எல்லாவற்றையும் அங்கேயே உடைத்துச் சொன்னாள். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்ப அந்தப் படத்துல படுத்திருந்தது?"

"என் நாக்குக்கா."

"அடிப்பாவி. நான் அதுக்குத் திருஷ்டி எல்லாம் கழிச்சேனே."

"அதுனாலதான் வந்துச்சோ என்னமோ" என்றாள் இவள்.

ஊறுகாய் போத்தலை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தோம். உள்ளே இருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தலவாக்கலைக்குச் சாமான் வாங்கப் போனோம். தோட்டத்துக்குத் தெரிந்துவிட்ட விஷயம் டவுனுக்கு இன்னும் போகவில்லை. கடை நானா என் மனைவியைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இவள் உட்காரவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். வலக்கை விரல் ஒன்று மரப்பலகையில் லேசாக டிக் என்று தட்டியது.

"சீனி ரெண்டு கிலோ" என்றாள்.

நானா வழக்கம்போல மூன்று கிலோவுக்குக் கரண்டியைப் போட்டுக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கான பழக்கம், காது என்ன கேட்டாலும் கை மூன்றுக்குத்தான் போகும். தராசு மூன்றைத் தொட்டதும், "இப்ப ரெண்டு பேருக்குச் சாப்புடணும் தங்கச்சி, கூடவே இருக்கட்டும்" என்றார்.

"கொறைங்க நானா" என்றாள் என் மனைவி. கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தையும் ஒடித்து ஒடித்து வைத்தாள். "ரெண்டு. ரெண்டு கிலோ போதும்."

நானா கரண்டியால் சீனியைத் திரும்ப அள்ளினார். எங்கள் வீட்டில் அந்த மாதம் சீனி சரியாக இருந்தது.